கொழுப்புக் கட்டிதானே என்று விட்டுவிடலாமா?



குடும்ப நலம் என்றவுடன் அளவான குடும்பம், பிரசவம், குழந்தைக்குத் தடுப்பூசி ஆகியவையே பலருக்கு நினைவுக்கு வருகின்றன. ஆனால் விடியற்காலையில் முதலில் எழுந்து, இரவில் கடைசியாகப் படுக்கும் அந்தத் தாயின் உடல்நலமும் குடும்ப நலம்தான். அவள் படுத்துவிட்டால் அடுப்பும் எரியாது, மாட்டுக்குத் தண்ணியும் கிடைக்காது. ஆகவே இந்தப் பிரசுரத்தில் தாய்மார்களின் மார்பகத்தில் தோன்றும் கட்டியைப் பற்றியும், அந்தக் கட்டியைச் சுற்றியுள்ள கொழுப்பைப் பற்றியும், அதைப் படம் பிடித்துப் பார்க்கும் முறைகளைப் பற்றியும் சொல்லப்போகிறோம்.

கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். ஒருவருக்குப் படிக்கத் தெரியாவிட்டால் மற்றவர் உரக்கப் படித்துக் காட்டுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

"அது ஒண்ணுமில்லே, கொழுப்புக் கட்டி"

வியாசர்பாடி, சர்மா நகர், எம்.கே.பி. நகர் பகுதிகளில் குடியிருக்கும் குடும்பங்களில் பல, ஒரு தலைமுறைக்கு முன்னால் கிராமத்திலிருந்து வந்தவை. பின்னி ஆலை வேலைக்கும், துறைமுகத்தில் மூட்டை தூக்கவும், எண்ணூர், திருவொற்றியூர் தொழிற்சாலைகளுக்கும் என்று வந்தவர்கள். இன்றும் பொன்னேரி, மீஞ்சூர், ஊத்துக்கோட்டைப் பக்கத்து ஊர்களில் அவர்களுக்கு உறவினர் உண்டு. ஊரில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால், "பட்டணத்து அத்தை வீட்டுக்குப் போய், ஸ்டான்லி ஆஸ்பத்திரியிலே காட்டிட்டு வா" என்று அனுப்புவது வழக்கம்.

இந்தப் பகுதியில் நடைபெறும் தாய்மார்கள் கூட்டங்களில் மார்பகக் கட்டியைப் பற்றிப் பேச்சு எடுத்தால், உடனே ஒரு குரல் வரும். "அது வெறும் கொழுப்புக் கட்டிங்க. எங்க சின்னம்மாவுக்குக்கூட முதுகிலே இருக்குது. ஒண்ணும் பண்ணலே." ஊரிலும் இதே பேச்சுதான்.

இந்தப் பேச்சில் பாதி உண்மை. கொழுப்புக் கட்டி என்று ஒன்று இருப்பது உண்மை. அது பெரும்பாலும் தீங்கு செய்வதில்லை என்பதும் உண்மை. ஆனால் கையால் தடவிப் பார்த்தே "இது கொழுப்புக் கட்டிதான்" என்று முடிவு கட்டுவது தவறு. அந்தத் தவறுதான் பல தாய்மார்களை மாதக்கணக்கில் வீட்டிலேயே உட்கார வைத்துவிடுகிறது.

மார்பகம் எதனால் ஆனது?

மார்பகத்தில் மூன்று பொருள்கள் இருக்கின்றன. முதலாவது, பால் சுரக்கும் சுரப்பிகளும் அந்தப் பாலைக் காம்புக்குக் கொண்டுவரும் குழாய்களும். இரண்டாவது, இவற்றைத் தாங்கிப் பிடிக்கும் நார்த் திசு. மூன்றாவது, இடையில் நிரம்பியுள்ள கொழுப்பு.

ஒவ்வொரு பெண்ணுக்கும் இந்த மூன்றின் அளவு மாறும். இளம் வயதிலும், கர்ப்ப காலத்திலும், பாலூட்டும் காலத்திலும் சுரப்பி அதிகமாக இருக்கும். வயது ஏற ஏற, முக்கியமாக மாதவிடாய் நின்ற பிறகு, சுரப்பி சுருங்கி அந்த இடத்தில் கொழுப்பு வந்து சேரும். இது இயற்கை. இதனால் பயப்பட வேண்டியதில்லை.

கொழுப்பு என்றால் சும்மா இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் பஞ்சு என்று முன்பு எண்ணியிருந்தார்கள். அப்படி அல்ல. அதுவும் வேலை செய்கிற திசு. மாதவிடாய் நின்ற பிறகு சினைப்பை ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைச் சுரப்பதை நிறுத்திவிடும். அதன் பிறகு பெண்ணின் உடம்பில் ஈஸ்ட்ரோஜன் உண்டாகும் முக்கிய இடம் கொழுப்புத் திசுவே. மார்பகப் புற்றுநோயில் பெரும்பகுதி இந்த ஈஸ்ட்ரோஜனை உண்டு வளரும் வகை. ஆகவேதான் மாதவிடாய் நின்ற பிறகு உடல் பருமன் கூடினால் மார்பகப் புற்றுநோய் வரும் அபாயமும் கூடுகிறது. சிகிச்சை பெறும் வயதான தாய்மார்களுக்கு மருத்துவர் லெட்ரோசோல் என்ற மாத்திரையைத் தருவதுண்டு. அது கொழுப்பில் ஈஸ்ட்ரோஜன் உண்டாவதைத் தடுக்கும் மாத்திரை.

கட்டி என்றாலே புற்றுநோயா?

இல்லை. மார்பகத்தில் தட்டுப்படும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. அவை பின்வருமாறு:

1. நார்க் கட்டி. இளம் பெண்களுக்கு வரும். கோலி குண்டு போல வழுக்கிக்கொண்டு நகரும்.

2. நீர்க் கட்டி. உள்ளே தண்ணீர் நிரம்பிய பை.

3. பால் கட்டு. பாலூட்டும் தாய்க்குக் குழாய் அடைத்துக்கொண்டு வீங்குவது.

4. கொழுப்புக் கட்டி. கொழுப்பே திரண்டு மெத்தென்று இருப்பது. மார்பில் அடிபட்ட பின் கொழுப்பு நசிந்து கெட்டியாவதும் உண்டு.

5. புற்றுநோய்க் கட்டி. பெரும்பாலும் கெட்டியாக இருக்கும். ஓரம் ஒழுங்காக இராது. ஆரம்பத்தில் பெரும்பாலும் வலி இராது.

ஐந்தாவது கட்டி பெரும்பாலும் வலிக்காது என்பதைக் கவனியுங்கள். வலித்தால் யாரும் சும்மா இருக்கமாட்டோம். வலியில்லாததால்தான் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்டுவிடுகிறோம். புற்றுநோய்க்கு இதைவிட நல்ல வாய்ப்பு வேறு கிடையாது.

கட்டிக்கும் கொழுப்புக்கும் உள்ள உறவு

புற்றுநோய்க் கட்டி மார்பகத்துக்குள் தனியாக இருப்பதில்லை. கொழுப்பின் நடுவே, அல்லது கொழுப்பை ஒட்டி வளர்கிறது. வளரும் பயிருக்கு உரம் வேண்டும். கட்டிக்கும் அப்படியே. பக்கத்திலுள்ள கொழுப்புச் செல்களிலிருந்து அது கொழுப்பை இழுத்துக்கொள்கிறது. பிரான்சு நாட்டின் துலூஸ் நகர ஆய்வாளர்கள் 2011ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், புற்றுநோய்க் கட்டியை ஒட்டியுள்ள கொழுப்புச் செல்கள் சிறுத்து, தம்மிடமிருந்த கொழுப்பை இழந்து காணப்படுவதை எடுத்துக்காட்டினார்கள். அந்தச் செல்கள் குணம் மாறிப்போய், கட்டி பரவுவதற்கும் துணை செய்கின்றன.

வரப்பை ஒட்டி வேலிக்காத்தான் முளைத்தால் என்ன ஆகிறது? சுற்றிலும் இருக்கும் ஈரத்தை அது உறிஞ்சிக்கொள்கிறது. பக்கத்துப் பயிர் வாடி நிற்பதைப் பார்த்தே வேர் எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்று விவசாயி கணித்துவிடுவார். அதுபோலக் கட்டியை மட்டும் பார்க்காமல், கட்டியைச் சுற்றியுள்ள கொழுப்பையும் பார்த்தால் கட்டியின் குணத்தை அறியலாம் என்பது இன்றைய ஆய்வாளர்களின் எண்ணம். அதற்கு உள்ளே இருப்பதைப் படம் பிடிக்க வேண்டும்.

படம் பிடிக்கும் மூன்று முறைகள்

மேமோகிராம்: இது மார்பகத்துக்கென்றே உள்ள எக்ஸ்ரே. இரண்டு தட்டுகளுக்கு நடுவே மார்பகத்தை வைத்துச் சில விநாடிகள் அழுத்திப் படம் எடுப்பார்கள். கொஞ்சம் வலிக்கும், உடனே விட்டுவிடுவார்கள். இந்தப் படத்தில் கொழுப்பு கருப்பாகத் தெரியும். சுரப்பியும் நாரும் வெள்ளையாகத் தெரியும். கட்டியும் வெள்ளையாகத் தெரியும்.

இப்போது ஒரு சந்தேகம் வரும். சுரப்பியும் வெள்ளை, கட்டியும் வெள்ளை என்றால் எப்படிப் பிரித்துக் காண்பது? சரியான சந்தேகம். கேழ்வரகில் ஒரு வெள்ளைக் கல் கிடந்தால் முறத்தில் போட்டவுடன் கண்ணில் படும். பச்சரிசியில் அதே கல் கிடந்தால் தேடித் தேடிப் பார்க்க வேண்டும். கொழுப்பு நிறைந்த மார்பகம் கேழ்வரகு மாதிரி. சுரப்பி நிறைந்த இளம் வயதுக்காரர் மார்பகம் பச்சரிசி மாதிரி. ஆகவேதான் வயதான தாய்மார்களுக்கு மேமோகிராம் நன்றாகப் பயன்படுகிறது. இளம் வயதினருக்கு வேறு படமும் தேவைப்படுகிறது.

இன்னொரு செய்தி. ஒரு கட்டி முழுவதும் கொழுப்பே என்று மேமோகிராமில் தெளிவாகத் தெரிந்தால், அது அநேகமாகத் தீங்கற்ற கட்டியே. ஊரார் சொல்லும் "கொழுப்புக் கட்டி" என்பதை இப்படித்தான் உறுதி செய்ய வேண்டும். கை சொல்லாது; படம் சொல்லும்.

அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்: கர்ப்பிணிகளுக்கு வயிற்றில் வைத்துப் பார்க்கும் அதே ஸ்கேன்தான். ஒலி அலையால் பார்ப்பது. எக்ஸ்ரே கிடையாது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் பயமின்றிச் செய்துகொள்ளலாம். உள்ளே இருப்பது தண்ணீர்ப் பையா, கெட்டிக் கட்டியா என்பதை இது எளிதில் சொல்லிவிடும்.

எம்.ஆர்.ஐ.: இது பெரிய காந்தம். இதிலும் எக்ஸ்ரே இல்லை. குப்புறப் படுக்க வைத்து, சுரங்கம் போன்ற கருவிக்குள் அனுப்புவார்கள். "டக டக" என்று பலத்த சத்தம் கேட்கும். காதுக்குப் பஞ்சோ மூடியோ தருவார்கள். எல்லோருக்கும் இந்தப் படம் தேவையில்லை. மேமோகிராமிலும் ஸ்கேனிலும் தெளிவு கிடைக்காதபோதும், கட்டி எவ்வளவு பரவியிருக்கிறது என்று அறிய வேண்டியபோதும் மருத்துவர் எழுதிக் கொடுப்பார்.

காந்த அறைக்குள் உலோகம் போகக்கூடாது. தாலிச் சங்கிலி, மெட்டி, கொலுசு, கொண்டை ஊசி எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். "தாலியைக் கழற்றுவதா?" என்று பல தாய்மார்கள் கண்கலங்குவார்கள். இங்கேதான் கணவர் முன்வர வேண்டும். "நான் கட்டினதுதானே, நானே வாங்கி வெச்சுக்கறேன், நீ போய்ட்டு வா" என்று சொல்லிக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். மனசு வரவில்லை என்றால், உலோகம் எதுவும் இல்லாமல் மஞ்சள் கயிற்றில் மஞ்சள் துண்டை முடிந்து அணிந்து செல்லலாம். காப்பர்-டி போட்டிருப்பவர்களும் குடும்ப நல அறுவை செய்துகொண்டவர்களும் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பெரும்பாலும் தடை இராது; ஆனாலும் சொல்வது அவசியம்.

பானையைத் தட்டிப் பார்ப்பது போல

சந்தையில் பானை வாங்கும்போது என்ன செய்கிறோம்? விரலால் தட்டிப் பார்க்கிறோம். நல்ல பானைக்கு ஒரு சத்தம், விரிசல் விட்ட பானைக்கு ஒரு சத்தம். உடைத்துப் பார்க்காமலே உள்ளே இருப்பது தெரிந்துவிடுகிறது.

எம்.ஆர்.ஐ. கருவியும் உடம்பை இப்படித்தான் தட்டிப் பார்க்கிறது. தண்ணீரிலும் கொழுப்பிலும் ஹைட்ரஜன் அணுக்கள் உள்ளன. காந்தத்துக்குள் வைத்து ரேடியோ அலையால் தட்டினால் அவை பதில் ஒலி தருகின்றன. தண்ணீரிலுள்ள ஹைட்ரஜன் ஒரு சுருதியிலும், கொழுப்பிலுள்ள ஹைட்ரஜன் சற்றுத் தாழ்ந்த சுருதியிலும் பாடும். வித்தியாசம் மிகச் சிறியது. பத்து லட்சத்தில் சுமார் மூன்றரை பங்குதான். அந்தச் சிறு வித்தியாசத்தைக் கொண்டே, இந்த இடத்தில் தண்ணீர் இவ்வளவு, கொழுப்பு இவ்வளவு என்று கருவி பிரித்துச் சொல்லிவிடும்.

நம் நாட்டிலேயே இந்த ஆய்வு நடந்திருக்கிறது. டெல்லியிலுள்ள அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் என். ஆர். ஜெகந்நாதன் அவர்களும் அவருடைய குழுவினரும் 1998ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மார்பகப் புற்றுநோய்க் கட்டிக்குள் கொழுப்பைவிடத் தண்ணீரின் பங்கு மிகுந்திருப்பதையும், மருந்து ஏற்றிய பிறகு, மருந்து வேலை செய்தவர்களுக்கு அந்த விகிதம் குறைவதையும் அவர்கள் அளந்து காட்டினார்கள். அதாவது, கத்தி வைக்காமலே மருந்து பலன் தருகிறதா என்று பார்க்க ஒரு வழி.

அடுத்த படியாக, கொழுப்பின் அளவை மட்டுமின்றி, எந்த வகைக் கொழுப்பு என்றும் அளக்கத் தொடங்கினார்கள். வகையை நீங்கள் ஏற்கெனவே அறிவீர்கள். மார்கழிக் குளிரில் தேங்காய் எண்ணெயும் நெய்யும் உறைந்துவிடும். நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் உறையாது. உறையும் எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு அதிகம். உறையாத எண்ணெயில் நிறைவுறாத கொழுப்பு அதிகம். நம் உடம்பிலுள்ள கொழுப்பும் இந்த இரண்டு வகையும் கலந்ததே. நியூயார்க் பல்கலைக்கழகத்தினர் 2016ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், மாதவிடாய் நின்ற பெண்களை எம்.ஆர்.ஐ. மூலம் ஒப்பிட்டார்கள். பரவும் வகைப் புற்றுநோய் இருந்தவர்களின் மார்பகக் கொழுப்பில் நிறைவுற்ற வகை கூடுதலாகவும், நிறைவுறாத வகையில் ஒரு பிரிவு குறைவாகவும் இருந்தது. தீங்கற்ற கட்டி இருந்தவர்களுக்கு அப்படி இல்லை. ஸ்காட்லாந்து நாட்டு அபர்டீன் பல்கலைக்கழகத்திலும் கட்டியைச் சுற்றியுள்ள கொழுப்பை அளக்கும் ஆய்வுகள் நடந்துள்ளன.

இதனால் நமக்கு என்ன பயன்?

தப்பாகப் புரிந்துகொண்டால் இதனால் கெடுதலும் வரும். ஆகவே மூன்று விஷயங்களைத் தெளிவாகச் சொல்கிறோம்.

முதலாவது: கொழுப்பின் வகையை அளக்கும் இந்த முறை ஆராய்ச்சி நிலையில் உள்ளது. ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, மாவட்ட மருத்துவமனையிலோ போய், "கொழுப்பு டெஸ்ட் எடுங்க" என்று கேட்க வேண்டாம். அந்தக் கருவி வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். இன்று இருக்கும் கைப் பரிசோதனை, மேமோகிராம், ஸ்கேன், ஊசிச் சோதனை ஆகியவையே நோயைக் கண்டுபிடிக்கப் போதுமானவை.

இரண்டாவது: நிறைவுற்ற கொழுப்பு என்று படித்தவுடன் "தேங்காய் எண்ணெய் சாப்பிட்டதாலே வந்துடுச்சு" என்று முடிவு செய்யக்கூடாது. மார்பகத்தில் உள்ள கொழுப்பு, நாம் வாணலியில் ஊற்றிய எண்ணெய் அப்படியே போய்ச் சேர்ந்தது அல்ல. எண்ணெயை மாற்றினால் கட்டி கரையும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எந்த எண்ணெயானாலும் அளவோடு பயன்படுத்துங்கள். இடுப்புச் சுற்றளவு ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது போதும்.

மூன்றாவது: எந்தப் படமும் கடைசித் தீர்ப்பு அல்ல. படத்தில் சந்தேகம் வந்தால் ஊசி மூலம் சிறிது சதை எடுத்து, பயாப்சி என்னும் திசுச் சோதனை செய்தாக வேண்டும். "ஊசி போட்டால் புற்று உடம்பெல்லாம் பரவிவிடும்" என்று ஊரில் சொல்வது வெறும் புரளி. ஊசி பரப்புவதில்லை, தாமதம்தான் பரப்புகிறது.

இரண்டு குடும்பங்கள்

இப்படி இரண்டு குடும்பங்களை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வீட்டில் மனைவிக்கு நாற்பத்திரண்டு வயது. தை மாதம் குளிக்கும்போது இடது மார்பில் கொட்டைப்பாக்கு அளவு கட்டி தட்டுப்பட்டது. மாமியாரிடம் சொன்னாள். "எனக்கும்தான் கையிலே இருக்குது, கொழுப்புக் கட்டி" என்றார் அந்த அம்மா. அவர் பொய் சொல்லவில்லை; தமக்குத் தெரிந்ததைச் சொன்னார். பங்குனியில் அறுவடை. வைகாசியில் நாத்தனார் கல்யாணம். கணவரிடம் சொல்ல வெட்கம். பற்றுப் போட்டுப் பார்த்தாள். ஆவணியில் அக்குளில் இன்னொரு கட்டி. அப்போதுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சிகிச்சை இருக்கிறது. ஆனால் நோய் நெறிகட்டிக்குப் பரவிவிட்டதால், சிகிச்சை நீளும். செலவும் வேதனையும் கூடும்.

இரண்டாவது வீட்டிலும் அதே வயது, அதே அளவு கட்டி. அன்றிரவே, "ஏங்க, இங்க என்னமோ தட்டுப்படுது" என்று கணவரிடம் சொன்னாள். அவருக்கும் பயம்தான். ஆனால் அடுத்த நாள் வேலைக்குப் போகாமல் அவளோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனார். அங்கிருந்து மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். மேமோகிராம், ஸ்கேன் எடுத்தார்கள். கொழுப்புக் கட்டிதான் என்று தெரிந்தது. ஒரு நாள் கூலி போனது. மனசிலிருந்த பாரம் அன்றே இறங்கிவிட்டது.

முதல் வீட்டு மாமியார் சொன்னதும் கொழுப்புக் கட்டி. இரண்டாவது வீட்டு மருத்துவர் சொன்னதும் கொழுப்புக் கட்டி. ஒருவர் பார்க்காமல் சொன்னார்; மற்றவர் பார்த்துச் சொன்னார். உயிருக்கும் மரணத்துக்கும் உள்ள வித்தியாசம் அதில் அடங்கியிருக்கிறது.

கையால் பார்ப்பதற்கும் மதிப்பு உண்டு

பெரிய கருவிகளைப் பற்றிப் படித்துவிட்டு, "நம்ம ஊர்லே அதெல்லாம் எங்கே இருக்குது" என்று மனம் தளர வேண்டாம். மும்பை டாடா நினைவு மருத்துவமனையினர் 1998ஆம் ஆண்டில் ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கினார்கள். நம் வியாசர்பாடியைப் போன்ற குடிசைப் பகுதிகளில் வாழும் சுமார் ஒன்றரை லட்சம் பெண்கள் அதில் சேர்க்கப்பட்டார்கள். பாதிப் பேருக்கு, பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை கையாலேயே மார்பகத்தைப் பரிசோதித்தார்கள். 2021ஆம் ஆண்டில் முடிவு வெளியானது. பரிசோதிக்கப்பட்டவர்களிடம் நோய் முன்னதாகவே கண்டுபிடிக்கப்பட்டது. 50 வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களிடையே மார்பகப் புற்றுநோய் மரணம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது.

ஆகவே கிராம சுகாதார செவிலியர், "வாங்கம்மா, ஒரு தடவை பார்த்துடலாம்" என்று கூப்பிட்டால் தட்டிக் கழிக்காதீர்கள்.

நீங்களும் உங்கள் உடம்பை அறிந்து வைத்திருங்கள். மாதவிலக்கு ஆரம்பித்து ஏழு முதல் பத்து நாட்களுக்குள், குளிக்கும்போது சோப்புக் கையோடு விரல்களைத் தட்டையாக வைத்து மார்பகம் முழுவதும், அக்குள் வரை தடவிப் பாருங்கள். மாதவிலக்கு நின்றவர்கள் மாதத்தில் ஏதாவது ஒரு தேதியை வைத்துக்கொள்ளலாம். கீழ்க்கண்டவற்றில் எது இருந்தாலும் உடனே காட்டுங்கள்:

• மார்பகத்திலோ அக்குளிலோ கட்டி
• தோல் உள்ளே இழுத்துக்கொண்டு குழி விழுதல், ஆரஞ்சுப் பழத் தோல் போலச் சொரசொரப்பு
• காம்பு புதிதாக உள்வாங்குதல், காம்பைச் சுற்றி ஆறாத புண்
• காம்பிலிருந்து இரத்தம் கலந்த நீர்
• ஒரு மார்பகம் மட்டும் அளவிலோ வடிவிலோ மாறுதல்

குடும்ப நலக் கேள்விகள் சில

கேள்வி: தாய்ப்பால் கொடுத்தால் புற்றுநோய் வராதா?

பதில்: அறவே வராது என்று சொல்ல முடியாது. ஆனால் அபாயம் குறையும். 30 நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2002ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவின்படி, மொத்தமாகப் பாலூட்டிய ஒவ்வொரு 12 மாதத்துக்கும் அபாயம் நூற்றுக்குச் சுமார் நான்கு பங்கு குறைகிறது. குழந்தைக்கும் நல்லது, தாய்க்கும் நல்லது.

கேள்வி: பாலூட்டும்போது கட்டி வந்தால் பால் கட்டுதானே?

பதில்: பெரும்பாலும் அதுதான். பால் கொடுப்பதை நிறுத்தாதீர்கள். இரண்டு வாரத்தில் கரையாவிட்டால் அவசியம் காட்டுங்கள். பாலூட்டும் தாய்க்குப் புற்றுநோய் வராது என்பது தவறான எண்ணம்.

கேள்வி: கருத்தடை மாத்திரை சாப்பிடலாமா?

பதில்: சாப்பிடும் காலத்தில் அபாயம் மிகச் சிறிதளவு கூடும்; நிறுத்திய பிறகு படிப்படியாகக் குறைந்துவிடும். நலமாக உள்ளவர்கள் இதற்காகப் பயந்து மாத்திரையை விட வேண்டியதில்லை. ஆனால் மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் ஹார்மோன் மாத்திரையோ ஊசியோ எடுக்கக்கூடாது. அவர்களுக்குக் காப்பர்-டி உண்டு. கணவர் நிரோத் உபயோகிக்கலாம் அல்லது ஆண்களுக்கான எளிய அறுவை செய்துகொள்ளலாம். அந்தப் பொறுப்பையும் மனைவி தலையிலேயே சுமத்த வேண்டாம்.

கேள்வி: இது தொற்று நோயா? சேர்ந்து வாழலாமா?

பதில்: தொற்று நோய் அல்ல. ஒரே தட்டில் சாப்பிடலாம், ஒரே பாயில் படுக்கலாம். ஆண்களுக்கும் இந்நோய் அபூர்வமாக வருவதுண்டு. கணவர்மார்களும் தம் மார்பில் கட்டி கண்டால் காட்ட வேண்டும்.

கேள்வி: மார்பகத்தை எடுத்துவிடுவார்களா?

பதில்: சீக்கிரம் வந்தால் பலருக்குக் கட்டியை மட்டும் எடுத்துவிட்டுக் கதிர் சிகிச்சை தர முடியும். முழுவதும் எடுக்க வேண்டி வந்தாலும், அவர் உங்கள் மனைவிதான், உங்கள் பிள்ளைகளின் தாய்தான்.

எங்கே போக வேண்டும்?

1954ஆம் ஆண்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்தின் விளைவாக, அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். மகப்பேறு உதவித் தொகைத் திட்டத்துக்கு வைத்திருப்பது அந்த அம்மையாரின் பெயரைத்தான். பிறகு டாக்டர் வி. சாந்தா 2021இல் மறையும் வரை தம் வாழ்நாளை அங்கேயே அர்ப்பணித்தார். அடையாறு நிலையம் 1982 முதல் சென்னையின் புற்றுநோயாளிகளைக் கணக்கெடுத்து வருகிறது. அன்று பெண்களிடையே கருப்பை வாய்ப் புற்றுநோயே முதலிடம். இன்று மார்பகப் புற்றுநோய் முதலிடத்துக்கு வந்துவிட்டது.

ஆனால் முதலிலேயே அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. 30 வயது நிரம்பிய பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மார்பகப் பரிசோதனை இலவசம். அங்கிருந்து சீட்டு எழுதி மேலே அனுப்புவார்கள். திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, பழைய வண்ணாரப்பேட்டை அருகே ஸ்டான்லி, சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி பொது மருத்துவமனை, இராயப்பேட்டை அரசு மருத்துவமனை, காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை ஆகியவை நம் பக்கத்தவர்களுக்கு உள்ள அரசு மருத்துவமனைகள். குடும்ப அட்டை, ஆதார் அட்டை, முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். சந்தேகம் கேட்க 104 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் பேசலாம். பழைய படங்களையும் சீட்டுகளையும் ஒரு பையில் பத்திரமாக வைத்து ஒவ்வொரு முறையும் கொண்டு செல்லுங்கள்; புதுப் படத்தைப் பழைய படத்தோடு ஒப்பிட்டால் மருத்துவருக்கு வேலை எளிதாகும்.

நினைவில் வையுங்கள்

1. கொழுப்புக் கட்டி உண்டு. ஆனால் அதைப் படமும் பரிசோதனையும்தான் சொல்ல வேண்டும்.
2. வலியில்லாத கட்டியே அதிக சந்தேகத்துக்குரியது.
3. கட்டியைச் சுற்றியுள்ள கொழுப்பை அளக்கும் புதிய ஆராய்ச்சி வளர்ந்து வருகிறது. அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.
4. பற்று, மந்திரிப்பு, எண்ணெய் மாற்றம் இவற்றில் நாட்களைப் போக்க வேண்டாம்.
5. மனைவி வெட்கமின்றிச் சொல்ல வேண்டும்; கணவர் கோபமின்றிக் கேட்க வேண்டும்; இருவரும் சேர்ந்து போக வேண்டும்.

இந்தப் பிரசுரத்தைப் படித்து முடித்ததும் பெட்டியில் பூட்டி வைக்காதீர்கள். பக்கத்து வீட்டுத் தம்பதிக்குக் கொடுங்கள். உங்களில் யாருக்காவது ஏற்கெனவே கட்டி இருந்தால், நாளைக் காலை சுகாதார நிலையம் திறக்கும் நேரத்துக்கு அங்கே இருங்கள்.